கம்ப்யூட்டருக்கு எந்த ஃபீட் ரீடர்: உங்க கட்டுரைல விட்டுப்போனது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம் சார். உங்க பேப்பர்ல போன வாரம் கம்ப்யூட்டர் பக்கத்துல செய்திகளை ஒரே இடத்துல படிக்க என்ன வழின்னு ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. முழுக்க முழுக்க செல்போன் ஆப்பாவே சொல்லிட்டு வந்து, கடைசில ஒத்த வரில, ஆர்எஸ்எஸ் ஃபீடெல்லாம் பழைய காலத்து சமாச்சாரம் இப்ப யாரும் பயன்படுத்துறதில்லன்னு முடிச்சிட்டாங்க (நாக்பூர் ஆர்எஸ்எஸ் இல்லைங்க, இது இணையத்துல செய்தி கொண்டு வர்ற ஃபீடு). நான் ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பாக்குறவன். காலைல பத்து மணிலேர்ந்து ராத்திரி வரைக்கும் கண்ணு முன்னாடி இருக்கறது டெஸ்க்டாப்தான், போனை எடுத்தாலே எங்க ஆடிட்டர் ஒரு பார்வை பாப்பாரு. ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை, செபி உத்தரவு எல்லாம் எனக்கு வந்து சேர்றது அந்தப் பழைய சமாச்சாரம் வழியாத்தான். அதனாலதான் இந்த லெட்டர். கொஞ்சம் நீளமாத்தான் போகும், இடம் இல்லன்னா நடுவுல எங்க வேணா வெட்டிக்குங்க, ஆனா கடைசில உங்க பேப்பருக்கே கொஞ்சம் வேலை வெச்சிருக்கேன், அதை மட்டும் விட்றாதீங்க.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வார்த்தை. ஒரு சைட்டு தன்னோட புதுச் செய்திங்களோட தலைப்பு, லிங்க், தேதி, கொஞ்சம் சுருக்கம் இதையெல்லாம் ஒரு சின்ன ஃபைல்ல போட்டு ஒரு முகவரில வெச்சிடும். நம்ம கம்ப்யூட்டர்ல இருக்கற ரீடர் அப்பப்போ போய் அந்த ஃபைலை எட்டிப் பாத்துட்டு, புதுசு இருந்தா எடுத்துட்டு வந்து வரிசையா அடுக்கும். அவ்ளோதாங்க. எதை மேல காட்டணும் எதை மறைக்கணும்னு நடுவுல உக்காந்து முடிவு பண்றவன் யாரும் கிடையாது. இதை முதல்ல கொண்டு வந்தது 1999 மார்ச்ல நெட்ஸ்கேப் கம்பெனி. எழுதினவங்கள்ல ஒருத்தர் ராமநாதன் குஹா, சென்னை ஐஐடில மெக்கானிக்கல் படிச்சவரு, இதை உங்க கட்டுரைல போட்டிருந்தா நம்ம ஊர்ப் பசங்க ஒரு நிமிஷம் நின்னு படிச்சிருப்பாங்க. அப்புறம் 2002ல வந்த ஆர்எஸ்எஸ் 2.0 மேலதான் பாட்காஸ்டுங்கற மொத்தமும் ஓடிட்டு இருக்கு, எபிசோடோட ஆடியோ ஃபைல் எங்க இருக்குன்னு சொல்றதே அந்த ஃபீடுதான். பாட்காஸ்ட் கேக்குற பாதிப் பேருக்கு தாங்க ஆர்எஸ்எஸ் பயன்படுத்துறோம்னே தெரியாது.

சரி, எந்த ரீடரை எடுக்கறது? என்னைக் கேட்டா முதல் கேள்வி, இதுலேர்ந்து வெளிய வர்றது எப்படிங்கறதுதான். பாக்க அழகா இருக்கா, ஐகான் நல்லா இருக்கான்றதெல்லாம் பின்னாடி பாத்துக்கலாம்.

ஏன் இப்படிச் சொல்றேன்னா, கூகுள் ரீடர்னு ஒண்ணு இருந்துச்சு. 2005 அக்டோபர்ல ஆரம்பிச்சாங்க, இலவசம், நல்லாவும் இருந்துச்சு, உலகத்துல ஃபீடு படிக்கிறவங்கள்ல பெரும்பகுதி அங்க போய் உக்காந்துட்டாங்க. 2013 மார்ச்ல திடீர்னு, ஆளுங்க குறைஞ்சிட்டாங்க மூடப் போறோம்னு அறிவிச்சாங்க, ஜூலை 1ஆம் தேதி மூடிட்டாங்க. இதுல கவனிக்க வேண்டிய விஷயம் கூகுள் மூடினது கூட இல்ல. அதே சமயத்துல விண்டோஸுக்கு ஃபீட்டீமன்னு ஒரு அருமையான ப்ரோகிராம் இருந்துச்சு, நம்ம கம்ப்யூட்டர்லயே இன்ஸ்டால் பண்ணிக்கறது, நிக் பிராட்பரின்னு ஒருத்தர் எழுதினது. ஆனா எது படிச்சாச்சு எது படிக்கலன்னு கணக்கு வெச்சுக்க அது கூகுள் ரீடரைத்தான் நம்பி இருந்துச்சு, கூகுள் அறிவிச்ச கையோட அவரும் நிறுத்தறேன்னுட்டாரு. டெஸ்க்டாப்புல இருக்குன்னு நாம நினைச்சுட்டு இருப்போம், வேர் வேற எங்கயோ இருக்கும். அதனால ஒரு ரீடரை இறக்கினதும், இது எந்த அக்கவுண்டும் கேக்காம தனியா ஓடுதான்னு முதல்ல பாத்துடுங்க.

ரெண்டாவது பாக்க வேண்டியது ஓபிஎம்எல். நம்ம சேத்து வெச்ச ஃபீடு பட்டியல் மொத்தத்தையும் ஒரே ஃபைலா வெளிய எடுக்கற வசதி இது, பேரைப் பாத்து பயந்துடாதீங்க. அந்த ஃபைலை நோட்பேட்ல தொறந்து பாருங்க, ஒரு சைட்டுக்கு ஒரு வரி, அதுல சைட்டு பேரு, அதோட ஃபீடு முகவரி, எந்த ஃபோல்டர்ல வெச்சிருக்கோம்ங்கறது, வேற ஒண்ணும் இருக்காது. இருநூறு ஃபீடு வெச்சிருந்தாலும் ஒரு போட்டோ சைஸ் கூட வராது. இந்த ஃபைல் கைல இருந்தா எந்த ரீடர் செத்தாலும் அஞ்சு நிமிஷத்துல அடுத்ததுக்கு மாறிடலாம். எக்ஸ்போர்ட் எங்க இருக்குன்னு மெனுவுல தேடுங்க, கிடைக்கலன்னா அந்த ப்ரோகிராமை அப்பவே தூக்கிடுங்க, ஃபீடெல்லாம் சேத்த அப்புறம் தேடினா மனசு வராது.

இனி ஆள் ஆளுக்கு எதுன்னு பாக்கலாம்.

ஏற்கனவே மெயிலுக்கு தண்டர்பேர்டு வெச்சிருக்கீங்களா, வேற எதுவும் தேட வேண்டாம், அதுக்குள்ளயே ஃபீட் ரீடர் இருக்கு, நிறைய பேருக்கு இது தெரியறதில்ல. புது அக்கவுண்ட் சேக்கற இடத்துல மெயில் அக்கவுண்டுக்குப் பக்கத்துலயே ஃபீட் அக்கவுண்ட்னும் இருக்கும், அதைச் சேத்தா இடது பக்கம் இன்பாக்ஸுக்குக் கீழயே ஃபீடும் வந்துடும். நான் ஆபீஸ்ல பயன்படுத்துறது இதுதான். ரிசர்வ் வங்கி தன்னோட சைட்டுல அறிவிப்புகளுக்கு ஒண்ணு, பத்திரிகைக் குறிப்புக்கு ஒண்ணுன்னு தனித்தனியா ஃபீடு குடுக்குது, செபியும் குடுக்குது. மெயிலுக்குப் போடற மாதிரியே இதுக்கும் ஃபில்டர் போடலாம், தலைப்புல கேஒய்சின்னு வந்தா ஸ்டார் போடு, ஏலம் டெண்டர்னு வந்தா படிச்சதா குறிச்சிடு, இப்படி. சுற்றறிக்கை வந்து எங்க ஆடிட்டர் வாட்ஸ்அப் குரூப்ல பாக்கறதுக்குள்ள அது என் ஸ்க்ரீன்ல உக்காந்திருக்கும், ஒரு தடவை அவரே கேட்டாரு, எப்படிய்யா உனக்கு மட்டும் முதல்ல தெரியுதுன்னு. நான் சொல்லல!

தண்டர்பேர்டுல இன்னொரு நல்ல விஷயம், தமிழ் எழுத்துக்குன்னு தனியா ஃபாண்டும் சைஸும் வெச்சுக்கலாம். செட்டிங்ஸ்ல ஃபாண்ட் பக்கத்துல அட்வான்ஸ்டுன்னு அழுத்தினா எந்த மொழிக்குன்னு ஒரு பட்டியல் வரும், அதுல தமிழைத் தேடி எடுத்து சைஸை ஏத்தி விடுங்க. விண்டோஸ்ல வர்ற நிர்மலா ஃபாண்ட் சின்ன சைஸ்ல மெலிசா இருக்கும், நாப்பதைத் தாண்டின கண்ணுக்கு அது ஆகாது. குறைன்னு சொன்னா, மெயிலும் ஃபீடும் ஒரே இடத்துல கிடக்கறது சிலருக்குப் பிடிக்காது, போன்ல அதே பட்டியலைத் தொடர வழியும் கிடையாது. எனக்கு ரெண்டாவது ஒரு குறையே இல்ல, வீட்டுக்குப் போனா சுற்றறிக்கை எதுக்குங்க.

மெயில் வேற, ஃபீடு வேறன்னு தனியா வேணும்னா விண்டோஸ், லினக்ஸ் ரெண்டுக்கும் ஆர்எஸ்எஸ் கார்டுன்னு ஒண்ணு இருக்கு, இலவசம், மூல நிரலும் (ப்ரோகிராமை எழுதின கோடு) யாரு வேணா பாக்கற மாதிரி தொறந்து கிடக்குது. இடது பக்கம் ஃபீடு பட்டியல், மேல தலைப்புங்க, கீழ செய்தின்னு அந்தக் காலத்து அமைப்புதான். செட்டிங்ஸ் பக்கம் போனா தலை சுத்தும், அவ்ளோ இருக்கு, முக்கால்வாசியைத் தொடவே வேண்டாம். இதுக்கு முன்னாடி க்வைட்ஆர்எஸ்எஸ்னு ஒண்ணுதான் எல்லாரும் சொல்லுவாங்க, இப்பவும் நெட்ல தேடினா சிறந்த ரீடர் பட்டியல்ல முதல்ல அதுதான் வந்து நிக்கும், ஆனா அதுக்கு 2020க்கு அப்புறம் புதுப் பதிப்பு வரல. உள்ள இருக்கற பிரவுசர் எஞ்சினும் பழசு, இன்னைக்கு இருக்கற பல சைட்டை அதுல தொறந்தா கோணல்மாணலாத்தான் தெரியும். பட்டியல் போடறவங்க ஒருத்தர் போட்டதையே இன்னொருத்தர் எடுத்துப் போடறாங்க, கடைசியா எப்போ அப்டேட் வந்துச்சுன்னு ஒருத்தரும் பாக்கறதில்ல. உங்க கட்டுரையாளரும் அடுத்த தடவை அதைப் பாக்கணும்னு கேட்டுக்கறேன்.

மேக் வெச்சிருக்கறவங்களுக்கு யோசனையே வேண்டாம், நெட்நியூஸ்வயர். ப்ரெண்ட் சிம்மன்ஸ்னு ஒருத்தர் 2002ல எழுதினது, அப்புறம் ரெண்டு கம்பெனி கைமாறிப் போய், கடைசில பேரு அவருகிட்டயே திரும்பி வந்து, 2019ல அஞ்சாவது பதிப்பா இலவசமா, மூல நிரலோட வெளிய விட்டாரு. தொறந்த உடனே படிக்க ஆரம்பிச்சிடலாம், ஐபோனும் இருந்தா ஐக்ளவுட் வழியா ரெண்டும் ஒண்ணா ஓடும். ஒரே வருத்தம், இது விண்டோஸுக்கு இல்ல.

லினக்ஸ்காரங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல, லைஃப்ரீயா, கேடிஈ டெஸ்க்டாப் வெச்சிருக்கற ஆளுங்கன்னா அக்ரிகேட்டர். டெர்மினல்லயே, அதாவது எழுத்து மட்டும் தெரியற கட்டளைத் திரையிலயே ஓடற நியூஸ்போட்டை சிலர் தலைல தூக்கி வெச்சு ஆடுவாங்க, வேகம் உண்மைதான், ஆனா பெரும்பாலான டெர்மினல்ல தமிழ் ஒழுங்கா வராது, கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம்னு பிரிஞ்சு கிடக்கும், தமிழ்ல படிக்கறவங்களுக்கு அது சரிப்படாது. பிரவுசர்லயே வேணும்னா விவால்டில மெயிலோட ஃபீட் ரீடரும் சேந்து வருது. ஃபயர்ஃபாக்ஸ்ல முன்னாடி ஃபீடை புக்மார்க் மாதிரியே காட்டற லைவ் புக்மார்க்னு ஒரு வசதி இருந்துச்சு, 2018 டிசம்பர்ல வந்த 64ஆம் பதிப்போட எடுத்துட்டாங்க. ஆர்எஸ்எஸ் செத்துப்போச்சுங்கற பேச்சு பாதி இதனாலதான் வந்துச்சுன்னு நினைக்கறேன், பிரவுசர்ல அந்த வசதி கண்ணுல படலன்னதும் ஃபீடே போச்சுன்னு நினைச்சிட்டாங்க. ஃபீடு எங்கயும் போகல. ரீடர்ல சைட்டோட முகவரியை மட்டும் போட்டாப் போதும், பக்கத்துக்குள்ள ஃபீடு எங்க இருக்குன்னு எழுதி வெச்சிருப்பாங்க, ரீடரே தேடி எடுத்துக்கும். வேர்ட்பிரஸ்ங்கற மென்பொருள்ல ஓடற சைட்டுன்னா முகவரிக்குப் பின்னாடி ஒரு சாய்கோடு போட்டு இங்கிலீஷ்ல ஃபீடுன்னு அடிச்சா அனேகமா வந்துடும். யூட்யூப் சேனலுக்குக் கூட ஃபீடு இருக்கு, சப்ஸ்க்ரைப் பண்ணாமயே, லாகின் கூட இல்லாம, புது வீடியோ வந்தா தெரிஞ்சுக்கலாம். நம்ம ஆளுங்களுக்கு இது ஒண்ணும் புதுசும் இல்ல, 2004ல தமிழ்மணம் வந்தப்போ தமிழ் வலைப்பதிவுங்க எல்லாத்தையும் ஒரே பக்கத்துல கொண்டு வந்து காட்டினதே இந்த ஃபீடை வெச்சுத்தான்.

இவ்ளோ சொல்லிட்டு டெஸ்க்டாப் ரீடரோட பெரிய ஓட்டையைச் சொல்லாம விட்டா அது நேர்மை இல்ல. ஃபீடுங்கறது முழுப் பழைய பேப்பர் கட்டு கிடையாது, கடைசியா வந்த கொஞ்சம் செய்திதான் அதுல இருக்கும். வேர்ட்பிரஸ்ல நாமளா மாத்தாத வரைக்கும் கடைசி 10 பதிவுதான். வாரத்துக்கு ரெண்டு எழுதற வலைப்பதிவுன்னா பிரச்சினை இல்ல, ஒரு மாசம் கழிச்சு கம்ப்யூட்டரைப் போட்டாலும் எல்லாம் இருக்கும். ஆனா உங்க மாதிரி பேப்பர் ஒரு நாளைக்கு நூத்துக்கணக்குல போடும்போது, சனிக்கிழமை சாயங்காலம் கம்ப்யூட்டரை அணைச்சிட்டு திங்கக்கிழமை போட்டா நடுவுல வந்ததெல்லாம் ஃபீடுலேர்ந்து தள்ளிக்கிட்டுப் போயிருக்கும், ரீடர் கண்ணுல படவே படாது. இதுக்காகத்தான் ஃபீட்லி, இனோரீடர் மாதிரி சர்வர்ல ஓடற சேவைங்க இருக்கு, நாம தூங்கினாலும் அது போய் எடுத்து வெச்சிடும், போன்லயும் தொடரலாம். இலவசத்துல இத்தனை ஃபீடுதான்னு ஒரு எல்லை வெச்சிருப்பாங்க, மேல வேணும்னா வருஷச் சந்தா. நடுவழியும் ஒண்ணு உண்டு, ஆர்எஸ்எஸ் கார்டும் நெட்நியூஸ்வயரும் தனியாவும் ஓடும், இனோரீடர் மாதிரி சேவையோட சேத்தும் ஓடும். சேகரிக்கறது சர்வர்ல, படிக்கறது நம்ம ப்ரோகிராம்ல. நாளைக்கு அந்த சேவை போச்சுன்னா ஓபிஎம்எல் கைல இருக்கு, தனியா ஓட விட்டுடலாம். செய்தி ஃபீடு நிறைய வெச்சிருக்கறவங்க இப்படிப் போறதுதான் நல்லது. என்னை மாதிரி அரசாங்க அறிவிப்பும் நாலு வலைப்பதிவும் படிக்கறவங்களுக்கு அது தேவையில்ல.

ஒரு சின்ன வேண்டுகோள் படிக்கறவங்களுக்கு. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை போய்ப் பாருன்னு ரீடர்ல செட் பண்ணாதீங்க. நல்ல ரீடர், போன தடவைக்கு அப்புறம் மாறியிருக்கான்னு மட்டும் கேக்கும், இல்லன்னா சர்வர் மாறலன்னு ஒத்தைப் பதிலோட முடிச்சிடும், பெருசா டேட்டா ஆகாது. அப்படியும் ஓயாம கதவைத் தட்டினா சில சைட்டுங்க நம்மளை பிளாக் பண்ணிடும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை தாராளம்.

இப்ப உங்க வேலைக்கு வர்றேன் சார். உங்க பேப்பர் சைட்டுல ஃபீடு இருக்கு, பழசுன்னு நீங்களே எழுதினாலும் உங்க சர்வர் தினமும் அதைப் போட்டுட்டுத்தான் இருக்கு. அதுல நாலு கோளாறு, நாலுமே உங்க ஐடி ஆளுங்க ஒரு மதியத்துல சரி பண்ணக்கூடியது.

ஒண்ணு நேரம். நீங்க நம்ம ஊர் நேரத்தைப் போட்டுட்டு பக்கத்துல அது கிரீன்விச் நேரம்னு குறிச்சிடறீங்க. ரீடர் அதை நம்பி அஞ்சரை மணி நேரம் கூட்டிடுது, மத்தியானம் ரெண்டு மணிக்கு வந்த செய்தி ராத்திரி ஏழரைன்னு காட்டுது. விளைவு என்னன்னா, தேதி வாரியா அடுக்கினா உங்க செய்திங்க மட்டும் எல்லாத்துக்கும் மேல போய் உக்காந்துட்டு இறங்கவே மாட்டேங்குது, மத்த ஃபீடெல்லாம் அடில போயிடுது. வேணும்னே பண்றீங்களோன்னு கூட ஒரு சந்தேகம் வந்துச்சு, அவ்ளோ யோசிச்சுப் பண்ற ஆளு இருந்தா மத்த மூணு கோளாறு இருந்திருக்காது!

அடுத்தது ஒரே செய்தி ரெண்டு மூணு தடவை வர்றது. ஃபீடுல ஒவ்வொரு செய்திக்கும் ஒரு அடையாளம் இருக்கணும், அது எப்பவும் மாறக்கூடாது. உங்க சப் எடிட்டர் தலைப்புல ஒரு ஒற்றெழுத்தைத் திருத்தினாலும் லிங்க்கும் மாறுது, அது கூடவே அடையாளமும் மாறுது, ரீடர் இது புதுச் செய்தின்னு எடுத்துட்டு வந்துடுது. தேர்தல் முடிவு நாளைக்கெல்லாம் ஒரே தொகுதிச் செய்தி வரிசையா வந்து நிக்குது. மூணாவது, தலைப்புல இங்கிலீஷ் அண்ட் குறி (&) அப்படியே வந்தா மொத்த ஃபீடும் உடைஞ்சிடுது, ஒரு நகைக்கடை பேரு தலைப்புல வந்த அன்னைக்கு அந்தச் செய்தி ஃபீடை விட்டு நகர்ற வரைக்கும் உங்க பேப்பர்லேர்ந்து ஒண்ணுமே வரல, ரீடர்ல சிவப்பு அடையாளம்தான் வந்துச்சு. அந்தக் குறியை எப்படி எழுதணும்னு உங்க டெவலப்பருக்குத் தெரியாம இருக்காது, யாரும் சொல்லலங்கறதுதான் விஷயம்.

கடைசியா, எல்லாத்தையும் ஒரே ஃபீடுல கொட்டாதீங்க. மாவட்டச் செய்தி, வணிகம், ஞாயிறு இணைப்புன்னு தனித்தனியாக் குடுங்க. ராசிபலனும் சினிமா போட்டோவும் வேண்டாங்கறவங்க மொத்த ஃபீடையும் தூக்கறதைத் தவிர இப்ப வேற வழி இல்ல. முழுச் செய்தியையும் ஃபீடுல குடுங்கன்னு நான் கேக்கல, விளம்பரம் இல்லாம உங்களுக்கும் எப்படி ஓடும், தலைப்பும் ரெண்டு வரியும் குடுத்தாப் போதும், படிக்கணும்னா சைட்டுக்கே வர்றோம். உங்க கட்டுரைல சொன்ன ஆப்புங்க வழியா வர்றவன் அந்த ஆப்போட ஆளு, அது நாளைக்கு உங்களைக் கீழ தள்ளினா அவன் தேடி வரமாட்டான். ஃபீடு வழியா வர்றவன் உங்க பேரைத் தேடி எடுத்துச் சேத்துக்கிட்டவன்.

சைட்டோட அடில ஃபீடு பக்கத்துக்கு முன்னாடி ஒரு லிங்க் இருந்துச்சு, டிசைன் மாத்தினப்போ அது காணாமப் போயிடுச்சு, அதையும் திரும்பப் போட்டுடுங்க. நேரத்தை மட்டுமாவது இந்த வாரமே சரி பண்ணச் சொல்லுங்க சார், அது ஒத்த வரி வேலை.

இப்படிக்கு,
உங்க நெடுநாள் வாசகன்,
கும்பகோணம்